அடையாற்றுக்கு அரிசி, நமக்குக் கார்ன்ஃபிளேக்ஸ்

செந்தில் ஆண்டவர் துணை

தியாகராய நகர்,
21.11.1999

அன்பு மகன் ஜவஹருக்கு, அப்பா பொன்னுலிங்கம் சொல்லச் சொல்ல அம்மா தங்கபுஷ்பம் எழுதுவது. இங்கே மழைக்கு ஒதுங்கக் கூரையும் மாத்திரை விழுங்கத் தண்ணீரும் இருக்கிற அளவுக்கு நாங்கள் இருவரும் சுகம். அங்கே சிகாகோ குளிரில் நீயும் மருமகள் பூஜாவும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கச் செந்தூரான் பார்த்துக்கொள்ளட்டும். புரட்டாசியில் நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். அப்பா, இங்கேருந்தே கம்ப்யூட்டர்ல ஆர்டர் போட்டா அங்க வீட்டு வாசல்ல மளிகைச் சாமான் வந்து இறங்குது, மெட்ராஸ்ல ரெண்டு சூப்பர் மார்க்கெட் இப்படி வெப்சைட் வச்சிருக்காங்க, அடையாறு வீட்டுக்கு ஒண்ணுலேருந்தும் நம்ம வீட்டுக்கு ஒண்ணுலேருந்தும் போட்டுப் பாக்குறோம், எது நல்லாருக்குன்னு சொல்லுங்க, தை மாசத்துலேருந்து அதையே நிரந்தரமா வச்சிருவோம், இனிமே நீங்க பையைத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம் என்றாய். நல்ல பேச்சு. கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால், நீங்கள் கூப்பிட்டதும் முதலில் பேசுவது பூஜா, அவளும் அம்மாவும் பேசி முடிப்பதற்குள் உங்கள் போன் கார்டு முடிந்துவிடுகிறது, கடைசியில் நீ வந்து சாமான் வந்துச்சாப்பா என்பாய், நான் வந்துச்சு என்பேன், அறுந்துவிடும். சித்தப்பா மகன் சுரேஷ்குமாரை விட்டுக் கம்ப்யூட்டரில் எழுதி அனுப்பலாம் என்றால், அவன் அதைப் படித்துவிட்டு உஸ்மான் ரோடு முழுக்கச் சொல்லிவிடுவான். ஆகவே அம்மாவை உட்கார்த்தி வைத்திருக்கிறேன். இது வருத்தத்தில் எழுதுகிற கடிதம். அம்மா இந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, வருத்தமில்லீங்க, இதுக்குப் பேரு பொறாமை என்கிறாள். வருத்தம் என்றே போடு என்று சொல்லியிருக்கிறேன். எந்த வார்த்தையைப் போட்டிருக்கிறாளோ, எனக்கு எழுத்துத் தெரியாது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அடையாற்றுக் கதையைச் சொல்கிறேன். தீபாவளிக்கு மறுநாள் முறைக்கு ஸ்வீட் எடுத்துக்கொண்டு உன் மாமனார் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. சம்பந்தி அருணகிரி பம்பாயில் முப்பது வருஷம் தொழில் பண்ணிவிட்டு வந்தவர், காந்தி நகரில் லிப்ட் வைத்த கட்டிடத்தில் இருக்கிறார், அதெல்லாம் உனக்குத் தெரியும். உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்திருப்பேன், காலிங் பெல் அடித்தது. கீழே ஒரு பச்சை வேன், கண்ணாடி மாதிரி கழுவித் துடைத்தது. பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி போட்ட ஆள் ஒருவன் மேலே வந்து, குட் மார்னிங் சார், ஹேப்பி தீபாவளி என்றான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அவன் இறக்கி வைத்ததைச் சொல்கிறேன் கேள். பொன்னி பச்சரிசி ஒரு மூட்டை, இட்லி அரிசி ஒரு பை, துவரம்பருப்பு, உளுந்து, கொட்டை எடுத்த புளி, கல் உப்பு, நல்லெண்ணெய் டின், காபித்தூள், மிளகாய் வற்றல். கல்யாண வீட்டுக் கட்டுச்சாதக் கூடை மாதிரி நடுக்கூடத்தில் பரப்பி வைத்தாயிற்று. சம்பந்தி என்ன செய்தார் தெரியுமா? அரிசி மூட்டையை அடுப்படிக்குக் கொண்டு போகவிடவில்லை. என் நாற்காலிக்கு எதிரே வைக்கச் சொல்லி, வாயைப் பிரித்து, கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, மாப்ளை அனுப்பினது அண்ணாச்சி, மாசம் பொறந்தா டாண்ணு வந்துருது பாருங்க என்றார். மாப்ளை, மாப்ளை என்று அந்த அரை மணி நேரத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பார். யாரை என்று ஒரு நிமிஷம் எனக்கே விளங்கவில்லை. அந்த மாப்ளை நான் பெற்ற பிள்ளை அல்லவா? பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசித்த காலம் ஒன்று இருந்தது, இவர் பெண் அனுப்பின அரிசியைப் பிறத்தியாருக்குக் காட்டி அள்ளி அள்ளிக் கொட்டுகிறார். காபி நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை.

இப்போது நம் வீட்டுக் கதை. நமக்கு வருவது மஞ்சள் பெட்டிக் கடை. இதுவரை இரண்டு தடவை வந்தது, ஆயுத பூஜைக்கு முன்னால் ஒன்று, தீபாவளி கழிந்து ஒன்று. வேன் கிடையாது. டிவிஎஸ் ஐம்பதில் பின்னால் கயிறு போட்டுக் கட்டி ஒருத்தன் கொண்டு வருகிறான். இரண்டாம் தடவை தெருவில் முழங்கால் தண்ணீர், வண்டியை மாம்பலம் ஸ்டேஷன் பக்கமே நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான், அதில் அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது மாடி வரை வரவில்லை. கீழே நின்றுகொண்டு, இன்னா பெருசு, லிப்ட் இல்லாத ஊட்ல குந்திக்கினு கம்ப்யூட்டர்ல ஆர்டர் போட்றியா, எறங்கி வந்து வாங்கிக்கினு போ, எனக்குக் கோடம்பாக்கத்துல இன்னும் டெலிவரி கீது என்றான். குட் மார்னிங்கும் இல்லை, ஹேப்பி தீபாவளியும் இல்லை. நானே போய்ச் சுமந்து வந்தேன். பிரித்தால், கார்ன்ஃபிளேக்ஸ் டப்பா. ஓட்ஸ் டப்பா. நூடுல்ஸ். காகிதக் கைக்குட்டை. அறையில் அடிக்கிற மல்லிகைப்பூ வாசனை ஸ்ப்ரே, நாம் இருப்பது பூக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற தெருவுக்கு மேலே. இரண்டாவது பெட்டியில் பாதாம் பருப்பு, பைனாப்பிள் டின், அதோடு ஒரு பாட்டிலில் பச்சைப் பச்சையாகக் காய். அம்மா அதை மாவடு என்று நினைத்துவிட்டாள். காரம் போடாம அனுப்பிட்டாங்க போல, வெள்ளைக்காரன் ஊறுகாய் என்று மிளகாய்த்தூளும் கடுகும் தாளித்துக் கொட்டி ஊற வைத்து, தொட்டு நாக்கில் வைத்தோம். அதற்குப் பெயர் ஆலிவாம், சுரேஷ்குமார் சொன்னான். அவனும் துப்பினான். ஜவஹர், இரண்டு பெட்டியையும் கவிழ்த்து உலுக்கிப் பார்த்தேன், ஒரு மணி அரிசி இல்லை.

இதில் கேட்காமல் விட்டோம் என்று நீ சொல்ல முடியாது. பெட்டி வருவதற்கு முன்னால் இரண்டு தடவையும் பூஜா போனில் அம்மாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் பக்கத்தில் நின்று போனில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டேன். நம் வீட்டில் சாமான் தீர்ந்தால் அதைத் தீர்ந்துபோச்சு என்றும் காலி என்றும் சொல்வது கிடையாது, அரிசிப் பானையைப் பார்த்து அந்த வார்த்தை சொன்னால் பானை கேட்டுக்கொண்டிருக்கும் என்பாள் அம்மா. நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்வோம். நீ வளர்ந்த வீடு, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரிசிக் கடை குலாம் ரசூல் பாய்கூடத் தன் கடையில் ஒரு அரிசி தீர்ந்தால், பரக்கத் ஆயிருக்கு நைனா, நாளைக்கு வா என்பாரே ஒழிய, இல்லை என்று சொல்லமாட்டார். அம்மாவும் முறைப்படி, அரிசி நெறஞ்சிருக்கும்மா, உப்பு புளி நெறஞ்சிருக்கு, துவரம்பருப்பு போன வாரமே நெறஞ்சு போச்சு என்று ஒன்று விடாமல் சொன்னாள். அதற்கு உன் மனைவி என்ன சொன்னாள் என்று நினைக்கிறாய்? சூப்பர் அத்தை, கேக்கவே ரொம்ப சந்தோஷமா இருக்கு என்றாள். என் காதால் கேட்டேன். நம் வீட்டு அரிசிப் பானை கவிழ்ந்து கிடக்கிறது என்றால் அவளுக்குச் சந்தோஷமாம். தீபாவளி அன்று காலையிலும் அப்படியே, அம்மா மறுபடியும் அரிசி நெறஞ்சிருக்கும்மா என்றாள், வாவ் அத்தை என்றாள். அவள் அப்பா வீட்டுக்கு மறுநாள் மூட்டை இறங்குகிறது. நமக்கு வாவ்.

அரிசியைக் கடையில் வாங்கித் தின்ன வேண்டியதுதானே, இதற்கு ஒரு கடிதமா என்று நீ கேட்பாய். வாங்க முடியாதபடி ஆகிவிட்டது. நீ போன் பண்ணின மறுநாளே நான் குலாம் ரசூல் பாய் கடைக்குப் போய், பாய், இத்தனை வருஷம் உங்ககிட்ட அரிசி வாங்கினேன், இனிமே என் மகன் அமெரிக்காவிலேருந்து கம்ப்யூட்டர்ல அனுப்புவான், நம்ம கணக்கை முடிச்சுருங்க என்று சொல்லிவிட்டேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள், இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் சொன்னேன். பாய் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, மாஷா அல்லா, அமெரிக்காவுல எப்போ நைனா பொன்னி வெளைய ஆரம்பிச்சுது என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது அந்தக் கடை வழியாகப் போக முடிகிறதா? எதிர்ச் சாரியில் சேறு மிதித்துக்கொண்டு போனாலும் அவர் கண்ணுக்குத் தப்ப முடியாது, இன்னா நைனா, அமெரிக்கா அரிசி எப்டி கீது, சோறு பொலபொலன்னு வருதா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுகிறார். மல்லிப்பூ மாதிரி வருது பாய் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நூடுல்ஸ் தின்கிறேன். அம்மா, நான் போய் வேற கடையில வாங்கியாறேன் என்றாள். நீ பையோடு படி இறங்கினால் போதும், மகன் அனுப்பவில்லை என்று இந்தக் கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று தடுத்துவிட்டேன். காலையில் தள்ளுவண்டிக்காரனிடம் இட்லி மாவு, மத்தியானம் ஓட்ஸ் கஞ்சி, ராத்திரிக்கு நூடுல்ஸ். ஒரு நாள் அம்மா கார்ன்ஃபிளேக்ஸில் உப்புமா கிண்டினாள். அந்த வாணலியை இன்னும் ஊற வைத்திருக்கிறாள்.

சரி, மஞ்சள் கடையில் அரிசியே விற்கவில்லையோ, பையன் பேரில் தப்பில்லையோ என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கண்ணால் பார்த்துவிடுவோம் என்று பனகல் பார்க் பக்கம் சுரேஷ்குமார் போட்டிருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பெரியப்பா, செருப்பைக் கழட்டிட்டு வாங்க, ஏசி ரூம் என்றான். ஒரு தடுப்புக்குள் உட்கார வைத்தான். பக்கத்துத் தடுப்பில் ஒரு பெண் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள், அதுவும் இதில் வருகிறதாம். முதலில் பச்சைக் கடையைத் திறந்தான். ஒரு கத்திரிக்காய்ப் படம் காம்பிலிருந்து ஆரம்பித்து மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது, அடி வந்து சேர்வதற்குள் எனக்கு ஒரு டீ வந்து குடித்து முடித்தேன். ஆனால் வந்த பிறகு பறித்து வைத்த மாதிரி இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மஞ்சள் கடை சட்டென்று திறந்துவிட்டது, ஆனால் எல்லாம் மினுக்கி மினுக்கிக் கண்ணைக் குத்துகிறது, தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவில் சீரியல் பல்பு போட்ட மாதிரி. பச்சையில் எந்த நாள் எந்த வேளை வர வேண்டும் என்று நாமே சொல்லலாமாம். மஞ்சளில் அவன் வரும்போது வருவானாம். சாமான் உடைந்திருந்தால் பச்சைக்காரன் அடுத்த தடவை மாற்றித் தருவானாம், மஞ்சள்காரன் ஒரு நம்பருக்குப் போன் போடச் சொல்கிறான். சுரேஷ்குமார் போட்டுப் பார்த்தான், அது என்கேஜ்டாகவே இருந்தது. டப்பா சாமான்கள் மஞ்சளில் வகை அதிகம், காய்கறி பச்சையில்தான். நீ கேட்ட ஒப்பிடல் இதுதான், தெரிந்துகொள். ஆனால் நான் போனது அதற்கில்லை. மஞ்சள்ல அரிசி எங்கடா என்றேன். ஒரு தட்டுத் தட்டினான். என்ன அரிசி வேணும் பெரியப்பா, பொன்னி இருக்கு, பாஸ்மதி இருக்கு, புழுங்கல் இருக்கு, இட்லி அரிசி கூட இருக்கு என்றான். திரை முழுக்க மூட்டை. எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் அரிசி மூட்டை தெரியாதா? அங்கே அத்தனை மூட்டையைப் பார்த்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. கடையில் அரிசி இருக்கிறது. அனுப்புகிற கைக்குத்தான் மனதில்லை. ஜவஹர் அண்ணன் ஒரு மூட்டை அனுப்பியிருக்கலாமே பெரியப்பா, ஒரு க்ளிக்தானே என்றான் சுரேஷ்குமார். அவன் சும்மாதான் சொன்னான். ஒரு க்ளிக்தானே என்பது எனக்கு இரண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது.

எனக்கு எழுதி வைத்துக்கொள்ளத் தெரியாது, அதனால் எல்லாம் மண்டைக்குள்ளேயே கிடக்கிறது, வெளியே போக வழியில்லை. மீனம்பாக்கத்தில் நீங்கள் பிளேன் ஏறின நாளில் நீ முதலில் யார் காலில் விழுந்தாய்? உனக்கு ஞாபகமிருக்காது. அருணகிரி காலில். அவர் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார், நீ திரும்பினதும் அவர் முதலில் கண்ணில் பட்டார், விழுந்தாய். அப்புறம்தான் எங்களைத் தேடினாய். நான் அன்றைக்குப் பன்னீர் சோடா கடை ஓரமாக நின்றது என் தப்புதான். உன் கல்யாணத்தில் சாம்பல் கலர் சபாரி போட்டுக்கொண்டு நின்றவர், எனக்குத் தாம்பூலம் கொடுக்கும்போது அண்ணாச்சி, உங்க பையன் இனிமே எங்க பையன் என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே எடுத்துக்கொண்டு போவார் என்று நினைக்கவில்லை. உனக்கு முதல் சம்பளம் வந்தபோது அம்மாவுக்கு மிக்சியும் எனக்கு டெரிகாட்டன் சட்டைத் துணியும் வாங்கி வந்து, நான் ஆர்மோனியப் பெட்டி மாதிரி அந்த மிக்சியைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தாயே, அந்தப் பையனுக்கு அவர் எப்போது அப்பா ஆனார்?

போன வியாழக்கிழமை மறுபடியும் அடையாற்றுக்குப் போனேன். நலம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டு போனேன், அவர்கள் அரிசி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். விளக்கு வைக்கிற நேரம், உங்களிடமிருந்து போன் வந்தது. சம்பந்தியம்மா எடுத்தார்கள். ஜவஹர், எனக்கு உடம்பு கூசிவிட்டது. பூஜா, கோதுமை மாவு இல்லே, சர்க்கரை இல்லே, டீத்தூள் டப்பா காலி, அப்பாவுக்கு ரஸ்க் சுத்தமா தீந்து போச்சு, எழுதிக்கோ என்று இல்லே இல்லே என்று அடுக்கினார்கள். வெள்ளிக்கிழமைக்கு முந்தின ராத்திரி, விளக்கு எரிகிறது, ஒரு கூச்சம் இல்லை. பம்பாயில் இருந்தால் இதெல்லாம் மறந்துவிடும் போல. நானும் சும்மா இருக்கவில்லை. எங்களுக்கும் பெட்டி வருது சம்பந்தி, பாதாம், பைனாப்பிள், ஆலிவ், என்னவோ பேர் தெரியாத சாமானெல்லாம் வருது, வைக்க இடமில்லே என்றேன். சம்பந்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதாமா, என்றார். உள்ளே பார்த்து, கேட்டியா, உன் பொண்ணு அவங்களுக்குப் பாதாம் அனுப்புறா, பைனாப்பிள் அனுப்புறா, நமக்கு உப்பும் புளியும்தான், நம்மளை ரேஷன் கார்டுல சேத்துட்டா என்றார். சம்பந்தியம்மா வெளியே வந்து, எந்தக் கடைலேருந்து அண்ணா, எங்களுக்கு ஏன் வரலே என்று கேட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி பண்ணுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. காபிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஆகவே உனக்கு நான் சொல்ல வந்தது, தையிலிருந்து நமக்கு எந்தக் கடையும் வேண்டாம், பச்சையும் வேண்டாம் மஞ்சளும் வேண்டாம், எல்லாவற்றையும் அடையாற்றுக்கே அனுப்பு, எங்களை

ஜவஹர், மேலே பாதியில் நிற்கிறதே, அங்கே அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கோபம் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள், அழுகையா சிரிப்பா தெரியவில்லை, இரண்டுமாகத்தான் இருந்தது. ஏங்க, அந்தப் புள்ள பம்பாய்ல வளந்தது, அவ அம்மா வாயிலேயே இல்லே காலின்னுதான் கேட்டு வளந்திருக்கா, நாம நெறஞ்சிருக்குன்னு சொன்னதை நெறைய இருக்குன்னு நெனச்சிருக்கும்ங்க, அதான் சந்தோஷம்ன்னுச்சு என்றாள். எனக்கு உடனே ஏறவில்லை. அரிசி நிறைஞ்சிருக்கு என்றால் நிறைய இருக்கிறது என்று யாராவது அர்த்தம் பண்ணுவார்களா என்று கேட்டேன். அம்மா, சொல்லிப் பாருங்க, வார்த்தையில அதுதானே இருக்கு என்றாள். சொல்லிப் பார்த்தேன். இத்தனை வயதுக்கு இன்றைக்குத்தான் அந்த வார்த்தையை வெளியில் நின்று கேட்கிறேன். அப்படியானால் பூஜா என்ன நினைத்திருப்பாள்? அத்தை வீட்டில் அரிசி நிறைந்திருக்கிறது, உப்பு நிறைந்திருக்கிறது, பருப்பு நிறைந்திருக்கிறது, மகாலட்சுமி இருக்கிற வீடு, அங்கே இல்லாததாகப் பார்த்து அனுப்புவோம் என்று நினைத்திருக்கிறாள். சந்தோஷம் என்று சொன்னது நிஜமான சந்தோஷம். அவள் அப்பா அம்மாவுக்குக் கேட்டதை அனுப்பினாள், எங்களுக்குக் கேட்காததை யோசித்து யோசித்து எடுத்திருக்கிறாள். அந்த ஆலிவையும் யோசித்துத்தான் எடுத்திருப்பாள், பாவம்.

இதில் இன்னொன்றும் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அடையாற்றில் அவர்கள் என்னைக் கேலி பண்ணவில்லை. சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தது, ரேஷன் கார்டு என்றது, எந்தக் கடை என்று கேட்டது, எல்லாம் நிஜம். அவருக்கு வயிறு எரிந்திருக்கிறது. நம் பைனாப்பிள் டின்னைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்திருக்கிறது! இது தெரியாமல் காபியை வேறு விட்டுவிட்டு வந்தேனே. அம்மா, இது பாவம்ங்க என்கிறாள், ஆனால் அவளும் சிரிக்கிறாள். அந்த டின்னை உடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு அவர்கள் வரும்போது கண்ணில் படுகிற மாதிரி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும்.

ஆகவே மேலே பாதியில் நிற்கிற வரியை நீ படிக்காததாக வைத்துக்கொள். அதை அடித்துவிடு என்று அம்மாவிடம் சொன்னேன், கடிதம் அசிங்கமாகிவிடும் என்று மறுத்துவிட்டாள். நீ கேட்டதற்குப் பதில், பச்சைதான் நல்ல கடை. தையிலிருந்து நமக்குப் பச்சை வேன் வரட்டும். அடையாற்றுக்கு மஞ்சள் பெட்டி போகட்டும், அவர்கள் கட்டிடத்தில் லிப்ட் இருக்கிறது, அந்த டிவிஎஸ்காரனுக்கும் ஏறச் சிரமமில்லை. பச்சைத் தொப்பிக்காரனைப் பகலில், குலாம் ரசூல் பாய் கடை திறந்திருக்கிற நேரமாக வரச்சொல், வேனை அந்தக் கடைக்கு எதிரே நிறுத்தி, மூட்டையை அங்கேயிருந்து தோளில் எடுத்துக்கொண்டு நடந்து வரட்டும். அதைக் கம்ப்யூட்டரில் சொல்ல வசதி இருக்கிறதா என்று பார். அடையாற்றுக்குப் போகிற மூட்டை எவ்வளவோ நமக்கு அதைவிட ஒரு பிடியாவது கூட இருக்கட்டும். அதற்காகப் பாதாமை நிறுத்த வேண்டாம். ஆலிவை நிறுத்தலாம். பூஜாவிடம் இந்தத் தப்பைச் சொல்லாதே, நம் வீடு நிறைந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்ட பெண், அந்தச் சந்தோஷத்தில் கை வைக்க வேண்டாம். அப்பா உன்னைக் கேட்டார், கார்ன்ஃபிளேக்ஸ் நன்றாக இருந்தது என்றார் என்று மட்டும் சொல்.

அதுவரைக்கும் பட்டினி கிடக்கப் போவதில்லை, பயப்படாதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் மழை விட்டுவிடும். நாளைக்குக் காலையில் பையை எடுத்துக்கொண்டு நானே குலாம் ரசூல் பாய் கடைக்குப் போகிறேன், இந்தப் பக்கத்துச் சாரியிலேயே நடந்து போகிறேன். அமெரிக்கா அரிசி எப்டி கீது நைனா என்று கேட்பார். நெறஞ்சிருக்கு பாய் என்பேன். அவருக்குப் புரியும், சிரிக்காமல் அரிசி அளக்கிற படியை எடுப்பார். அது நல்ல அரிசிதான், ஆனால் நீ அனுப்பினது ஆகாது.

புது வருஷத்தில் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று சுரேஷ்குமார் பயம் காட்டுகிறான், உன் வேலைக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும், அதற்கு முன்னால் ஆர்டரைப் போட்டுவிடு. வெளியே போகும்போது குல்லாயைப் போட்டுக்கொள். பூஜாவோடு சண்டை போடாதே, எங்களுக்காகப் போடவே போடாதே. உங்கள் கையில் எப்போதும் கொடுக்கிற அளவுக்கு இருக்கட்டும், வாசலில் வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கட்டும், நூறு வயது இரண்டு பேரும் சேர்ந்து இருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. வெளிப்படையாக எழுது, பையன் புரிந்துகொள்ளட்டும் என்று அம்மாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். எழுதமாட்டேன் என்கிறாள், நம் அரிசிப் பானையோடு சேர்த்து அந்த வார்த்தையைத் தன் கை எழுதாதாம். எனக்கும் வாய் வரவில்லை. ஆகவே நம் வீட்டுப் பேச்சிலேயே சொல்கிறேன், நீயாவது சரியாகக் கேட்டுக்கொள். ஜவஹர், அரிசி நிறைஞ்சிருக்கு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா
பொன்னுலிங்கம்
(இடது கைப் பெருவிரல் ரேகை. இந்தத் தடவை மை அதிகமாகிவிட்டது.)